வென்றவருக்கு மட்டும் திறக்கும் பயிற்சிக்களம்

‘சேகிரோ: ஷேடோஸ் டை ட்வைஸ்’ என்ற வீடியோ விளையாட்டின் இறுதிச் சண்டையில் கடைசிக் கட்டத்தைப் பழக விரும்பும் ஒருவர், அதற்கு முந்தைய மூன்று கட்டங்களையும் ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து வென்று வர வேண்டும் என்பதை எந்த நியாயத்தின் பெயரால் ஏற்றுக்கொள்வது? இந்தக் கேள்வியை எழுப்பினாலே போதும், “உனக்குத் திறமை போதாது, போய்ப் பழகு” என்று நான்கு பேர் பாய்ந்து வருகிறார்கள். பழகுவதற்கு இடம் கொடுங்கள் என்றுதானே நானும் கேட்கிறேன்? பழகும் இடத்தைப் பூட்டி வைத்துவிட்டு, பழகவில்லை என்று ஏசுவது எந்த ஊர் வழக்கு?

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹிடெடகா மியசாகியின் இயக்கத்தில் ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கிய இது 2019 மார்ச் 22 அன்று வெளியானது. ஜப்பானின் செங்கோகு போர்க்காலத்தின் இறுதி ஆண்டுகள். அஷினா என்னும் கற்பனை மலைநாடு. தன் இளம் தலைவன் குரோவைக் காக்கும் முயற்சியில் இடக்கையை இழந்து, அந்த இடத்தில் ஆயுதங்கள் பொருத்திய செயற்கைக் கையைப் பெறும் ‘ஓநாய்’ என்ற ஷினோபி, அதாவது நிஞ்ஜா வீரன். அந்த ஆண்டு டிசம்பரில் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற விருதை இது பெற்றது. 2023-க்குள் ஒரு கோடிப் பிரதிகள் விற்றன. இவ்வளவு புகழுக்கும் இது தகுதியானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிடிக்காத விளையாட்டுக்காக இத்தனை ஆத்திரப்பட எனக்கு நேரம் இல்லை.

இதன் வாள்சண்டைக்கு நிகராக வேறொன்றை நான் பார்த்ததில்லை. மற்ற விளையாட்டுகளில் எதிரியின் உயிர்க்கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பதே வேலை. இங்கோ எதிரியின் நிலைகுலைவை அளக்கும் இன்னொரு கோடு இருக்கிறது. அவன் வாள் நம்மேல் படும் அந்தக் கணத்தில் சரியாகத் தடுப்புப் பொத்தானை அழுத்தினால் தீப்பொறி பறக்கும், உலோகம் கணீரென்று ஒலிக்கும், அவன் நிலை சற்றுத் தளரும். அந்தக் கோடு நிரம்பியதும், உயிர் எவ்வளவு மிச்சமிருந்தாலும், ஒரே குத்தில் முடித்துவிடலாம். பின்வாங்கி ஓடுகிறவருக்கு இங்கே வெற்றி இல்லை, ஏனென்றால் விட்டு விலகியதும் எதிரி தன் நிலையை மீட்டுக்கொள்வான். நெருங்கி நின்று, அவன் தாளத்தை உள்வாங்கி, அவனோடு சேர்ந்து ஆடினால்தான் ஜெயிக்க முடியும். இது கடினம். கடினமாகவே இருக்கட்டும். அதை எளிதாக்கு என்று நான் கேட்கவே இல்லை.

ஆனால் தாளத்தை உள்வாங்க வேண்டும் என்றால் அதைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டுமல்லவா? எதிரி ஆபத்தான தாக்குதலுக்கு ஆயத்தமாகும்போது நாயகனின் தலைக்கு மேல் சிவப்பு எழுத்து ஒன்று பளிச்சிடும். குத்துக்கும் அதே எழுத்து, காலை வாரும் வீச்சுக்கும் அதே எழுத்து, பிடித்து நசுக்கும் தாக்குதலுக்கும் அதே எழுத்து. குத்து என்றால் முன்னோக்கி நகர்ந்து ஆயுதத்தை மிதிக்க வேண்டும். வீச்சு என்றால் தாவ வேண்டும். பிடி என்றால் விலகி ஓட வேண்டும். எது வருகிறது என்பதை எழுத்து சொல்லாது. எதிரியின் தோள் திரும்பும் விதமும் கால் ஊன்றும் விதமும்தான் சொல்லும். இதைப் புத்தி முதல் பார்வையிலேயே புரிந்துகொள்ளும், விரல்கள் புரிந்துகொள்ளா. விரல்களுக்குப் புரிய ஒரே வழி, அந்த ஒரு தாக்குதலை அலுக்காமல் மறுபடி மறுபடி சந்திப்பது. அதாவது, இந்த விளையாட்டு எந்தத் திறனைக் கோருகிறதோ அந்தத் திறன், பயிற்சியைத் தவிர வேறு எதனாலும் வராத ஒன்று. அப்படி வடிவமைத்துவிட்டுப் பயிற்சி செய்பவனையே தண்டிக்கும் சட்டங்களை அடுக்கிவைத்திருப்பதைப் பார்க்கும்போதுதான் எனக்குக் கொதிக்கிறது.

அந்தச் சட்டங்களைப் பாருங்கள். மாண்டால் கையிலிருக்கும் காசில் பாதி போகும். அடுத்த திறன்புள்ளியை நோக்கிச் சேர்த்துவந்த அனுபவத்திலும் பாதி போகும். இதே நிறுவனத்தின் ‘டார்க் சோல்ஸ்’ வரிசையில் இறந்த இடத்துக்குத் திரும்பிப் போய் இழந்ததை அள்ளிக்கொள்ளும் வாய்ப்பாவது உண்டு. இங்கே போனது போனதுதான். தப்பித்தவறி இழப்பில்லாமல் மீளும் அதிர்ஷ்டம் அதிகபட்சம் 30 சதவீதம் இருக்கிறது. ஆனால் அடிக்கடி மாண்டால் ‘டிராகன்ராட்’ என்னும் நோய் நமக்கு உதவிய மனிதர்களிடையே பரவி, அந்த அதிர்ஷ்டத்தையும் குறைத்து, அவர்களுடைய கதைகளையும் பாதியில் நிறுத்திவைக்கும். நோயைத் தீர்க்கும் மருந்தோ எண்ணிக் கொடுக்கப்பட்டது. இந்தக் கணக்கில் அதிகம் செலுத்துகிறவர் யார்? முதல் முயற்சியிலேயே வெல்கிறவரிடமிருந்து ஒரு காசும் போவதில்லை. தடுமாறித் தடுமாறிக் கற்கிறவர்தான் காசையும் அனுபவத்தையும் அதிர்ஷ்டத்தையும், போதாக்குறைக்குத் தன்னால் ஒரு கிழவி இருமுகிறாள் என்ற குற்றவுணர்வையும் சுமக்கிறார்.

வலிமையைக் கூட்டிக்கொண்டு வரலாமே என்றால், அந்த வழியும் அதே மாதிரிதான். தாக்கும் வலிமை உயர, ‘பாஸ்’ எனப்படும் முக்கிய எதிரிகளை வென்று அவர்களுடைய நினைவுகளைப் பெற வேண்டும். உயிர்க்கோடு நீள, நான்கு ஜெபமணிகளைச் சேர்த்து ஒரு மாலையாக்க வேண்டும். அந்த மணிகளில் பலவும் இடைநிலை பாஸ்களின் கையில் இருக்கின்றன. வெல்ல வலிமை வேண்டும், வலிமைக்கு வெற்றி வேண்டும்.

இடைநிலை பாஸ்கள் என்றதும் ஹிராட்டா மாளிகை முற்றத்தில் நிற்கும் குடிகாரன் ஜூஸோ நினைவுக்கு வருகிறான். அவனுக்கு இரண்டு உயிர். பெரிய உடம்பு, நஞ்சைக் கக்குவான், பிடித்தால் பாதி உயிர் போய்விடும். இதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. ஆனால் அவனைச் சுற்றி ஒரு கொள்ளைக்கூட்டமே நிற்கிறது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அந்தக் கூட்டத்தை ஒளிந்து ஒளிந்து ஒவ்வொருவராகக் கொன்று தீர்த்த பிறகுதான் அவனோடு தனியாக நிற்க முடியும். அந்த அடியாட்களைக் கொல்லுவதில் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா? முதல் தடவை இருந்தது. அதன் பிறகு அது வெறும் சுங்கம். வேலை முடிந்து, வீட்டுக் கடமைகள் முடிந்து, உறங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் கிடைக்கிற மனிதர், அதில் முக்கால் பங்கை ஏற்கெனவே தெரிந்த அடியாட்களுக்குக் கொடுத்துவிட்டு, கற்க வேண்டிய ஜூஸோவோடு சில நிமிடங்கள் மட்டுமே செலவிட்டுத் தூங்கப் போகிறார். மறுநாள் மீண்டும் அடியாட்கள். இதைக் கடினம் என்று சொல்லாதீர்கள். ஒரு மனிதரின் நேரத்தை மதிக்காத அலட்சியம் இது.

குறுகிய அறைகளில் சுவரில் முதுகு முட்டியதும் கேமரா எதிரியை விட்டுவிட்டு ஓநாயின் தோளையும் கூரையையும் காட்டுகிறதே, அதையும் ‘சவால்’ என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். தோள் அசைவைப் பார்த்து முடிவெடு என்று சொல்லிவிட்டுத் தோளையே மறைப்பது சவாலாகாது. அது கோளாறு. இதற்கு மேல் இதைப் பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை.

இப்போது இறுதிச் சண்டைக்கு வருகிறேன். முதலில் ஓநாயின் கையை வெட்டிய கெனிச்சிரோ. அவனை வீழ்த்தியதும் வாள்ஞானி இஷ்ஷின் எழுந்து வருகிறார். அவருக்கு மூன்று கட்டங்கள். முதலில் வாள் மட்டும். இரண்டாவதில் ஈட்டியையும் எடுக்கிறார், கைத்துப்பாக்கியையும் எடுக்கிறார். மூன்றாவதில் மின்னலைச் செலுத்துகிறார்; அதைத் தரையில் நின்று வாங்கினால் துடித்து விழுவோம், அந்தரத்தில் வாங்கி, கால் தரையைத் தொடும் முன் வீசினால் அவருக்கே திருப்பி அடிக்கலாம். விளையாட்டு கற்றுத்தந்த எல்லாவற்றையும் ஒரே களத்தில் கேட்கும் இந்தச் சண்டையை அற்புதம் என்றே சொல்வேன். ஆனால் நான்கு கட்டங்களுக்கு நடுவே ஓர் இடைநிறுத்தமும் கிடையாது. ஈட்டியின் நீளத்தைக் கண் அளப்பதற்குள் மாண்டவர் மறுபடி கெனிச்சிரோவிடம் போக வேண்டும். கெனிச்சிரோ அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இஷ்ஷினின் முதல் கட்டமும் ஏறத்தாழ அப்படித்தான். அவர் கற்க வேண்டியது ஈட்டியை. கிடைப்பதோ மீண்டும் கெனிச்சிரோ. வர்ணத்தின் கடைசிச் சரண சுரத்தில் இடறும் மாணவியிடம், எந்தச் சங்கீத ஆசிரியராவது, “ஒவ்வொரு முறையும் பல்லவியிலிருந்து பாடு, இடறினால் மறுபடி பல்லவி” என்று மாதக்கணக்கில் சொல்வாரா? அந்தச் சுரத்தை மட்டும் தனியே எடுத்து, காலத்தைக் குறைத்து, குரல் பழகும்வரை பாடவைத்து, பிறகுதான் முழு வர்ணத்தையும் கேட்பார். அரங்கேற்றத்தில் நிறுத்தாமல் பாட வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. பயிற்சி வகுப்பையும் அரங்கேற்றமாக நடத்துவதுதான் கொடுமை.

இதை உருவாக்கியவர்களுக்குப் பயிற்சியின் அருமை தெரியாது என்றும் சொல்ல முடியாது. பாழடைந்த கோயிலுக்கு வெளியே ஹான்பெய் என்ற சாகாவரம் பெற்ற சாமுராய் நிற்கிறார். எத்தனை முறை வெட்டினாலும் எழுந்து நின்று, தடுப்பதையும் மிதிப்பதையும் தாவுவதையும் நம்மோடு பழகுவார். அங்கே இழப்பு எதுவும் கிடையாது. எவ்வளவு நல்ல யோசனை! அந்த ஹான்பெய் அடிப்படைப் பாடங்களோடு நின்றுவிடாமல், நாம் ஏற்கெனவே சந்தித்துத் தோற்ற எதிரிகளின் அசைவுகளையும் ஏற்று நடித்திருந்தால் நான் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். கருவி கையில் இருந்தும் அதைத் தொடக்கப் பள்ளியோடு முடித்துக்கொண்டார்கள்.

எல்லோரும் ஒரே உயரத்துத் தடையைத் தாண்டி, அதைப் பற்றி ஒரே தளத்தில் நின்று பேச வேண்டும் என்பதால்தான் கடினநிலைத் தேர்வு வைக்கவில்லை என்று மியசாகி விளக்கியிருக்கிறார். மதிப்போடு சொல்கிறேன்: அந்த வாதம் இந்த விளையாட்டுக்குள்ளேயே பொய்த்துப்போகிறது. மலைக்கோயில் பக்கம் இருக்கும் பேய்மணியை அடித்தால் எதிரிகள் வலுப்பெறுவார்கள். விளையாட்டை முடித்து மறுபடி தொடங்கும் இரண்டாம் சுற்றில் குரோவின் தாயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், மிகச் சரியான கணத்தில் தடுக்காத ஒவ்வொரு அடியும் தடுப்பையும் மீறி உயிரைக் குறைக்கும். ஆக, கடினத்தைக் கூட்டிக்கொள்ள இரண்டு வழிகள் உள்ளன. குறைத்துக்கொள்ள ஒன்றுகூட இல்லை. தடை எல்லோருக்கும் ஒரே உயரம் என்ற கொள்கை, திறமைசாலி கேட்டால் வளைந்துகொடுக்கிறது. கை நடுங்குகிறவரோ, வயதாகி அனிச்சை மந்தமானவரோ, பொத்தானை அழுத்திச் சற்று நேரம் கழித்தே படம் அசையும் பழைய தொலைக்காட்சியில் விளையாடுகிறவரோ கேட்டால் மட்டும் கல்லாகிவிடுகிறது. இவர்களுடைய தடை ஏற்கெனவே மற்றவர்களுடையதைவிட உயரம் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

செய்ய முடியாத காரியமும் இல்லை. அதே 2019-ன் நவம்பரில் வந்த ‘ஸ்டார் வார்ஸ் ஜெடை: ஃபாலன் ஆர்டர்’ இதே போல வாளால் தடுக்கும் சண்டையை மையமாகக் கொண்டதுதான், அதில் நான்கு நிலைகள் உண்டு, தடுப்பதற்கான கால இடைவெளி நிலைக்கு நிலை மாறும். 1274-ஆம் ஆண்டு மங்கோலியப் படையெடுப்பைக் களமாகக் கொண்ட ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ 2020-ல் பல நிலைகளோடு வந்தது. மிகக் கடுமையை விரும்பியவர்களுக்காகப் பின்னர் ‘லீத்தல்’ என்ற நிலையையும் சேர்த்தது. இவற்றின் உயர்நிலைகளில் வென்றவர்களின் பெருமை, கீழ்நிலையில் வேறு யாரோ மகிழ்ச்சியாக விளையாடியதால் தேய்ந்துபோனதாக நான் கேள்விப்படவில்லை.

பெருமையைக் காப்பவர்கள் நடந்துகொண்ட விதம்தான் எல்லாவற்றையும்விட வேதனை. 2019 ஏப்ரலில் கணினி விளையாட்டுகளைப் பற்றி எழுதும் பத்திரிகையாளர் ஒருவர், இறுதிச் சண்டையை ஒரு மாற்றுநிரலின் உதவியால் வேகம் குறைத்து முடித்ததாகவும், அதற்காகத் தனக்கு எந்த வருத்தமும் இல்லை என்றும் வெளிப்படையாக எழுதினார். விளையாட்டை மட்டுமன்றித் தன்னையே அவர் ஏமாற்றிக்கொண்டதாக வந்த பதிலை இன்றும் ஆயிரம் பேர் எடுத்து ஒட்டிச் சிரிக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய விளையாட்டைத் தன் அறையில், தனியாக, யாரோடும் போட்டியிடாமல் மெதுவாக ஆடிய மனிதருக்கு ஏன் இந்த அவமானம்? வேகம் குறைத்துப் பழகுவது ஏமாற்று என்றால் உலகில் எந்தக் கலையையும் யாரும் நேர்மையாகக் கற்றதில்லை.

கடைசியாக, என்னால் எந்த வகையிலும் மன்னிக்க முடியாத ஒன்று. 2020 அக்டோபரில், வெளியாகி ஒன்றரை ஆண்டு கடந்த பிறகு, இலவசப் புதுப்பிப்பு ஒன்று வந்தது. பாஸ்களை விரும்பியபோது மறுபடி எதிர்கொள்ளும் வசதி அதில் இருப்பதாகச் சொன்னார்கள். ஆம், இருந்தது. ஆனால் ஏற்கெனவே வென்ற பாஸ்களோடு மட்டுமே அப்படி மோதலாம். இஷ்ஷினை வீழ்த்தி முடித்தவருக்கு, இனித் தேவையே இல்லாதவருக்கு, இஷ்ஷினோடு எத்தனை முறை வேண்டுமானாலும் பழகும் களம் திறந்திருக்கிறது. ஈட்டியில் சிக்கி, காசும் அனுபவமும் பாதிப்பாதியாகக் கரைய, கெனிச்சிரோவை மீண்டும் மீண்டும் வெட்டிக்கொண்டிருப்பவருக்கு அதே களம் பூட்டியிருக்கிறது. களத்தைக் கட்டியாகிவிட்டது, நிரல் எழுதியாகிவிட்டது, வாசலும் வைத்தாகிவிட்டது. அந்த வாசலில் ஒரு நிபந்தனையைத் திருத்தி, ‘வென்ற எதிரி’ என்பதைச் ‘சந்தித்த எதிரி’ என்று மாற்றியிருந்தால் போதும். ஒருவருடைய சண்டையும் இம்மியளவும் எளிதாகியிருக்காது. அதைக்கூடச் செய்யவில்லை.