டாக்கருக்கு ஃபயர்வால் ஒரு பொருட்டே இல்லை

டாக்கர் என்பது செயலிகளைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள். அதன் பாடம் எதைத் திறந்தாலும் முதலில் ஹலோ வேர்ல்ட், அடுத்து என்ஜின்எக்ஸ் வெப் சர்வர், "பார்த்தீர்களா, எவ்வளவு சுலபம்!" அதோடு சரி. 2013-இல் வந்த சமாச்சாரம். சர்வரைக் கட்டி மேய்ப்பவர்களுக்கு வேண்டியதை மட்டும் இன்னும் கடைசிப் பக்கத்தில்தான் ஒளித்து வைக்கிறார்கள்.

உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வாலைப் போட்டு, தூரத்திலிருந்து நாம் நுழையும் எஸ்எஸ்ஹெச் தவிர எல்லாப் போர்ட்டையும் அடைத்து வைக்கிறோம். அப்புறம் பாடத்தில் சொன்னபடி மைனஸ் பி (போர்ட்டை வெளியே திறக்கும் ஆப்ஷன்) போட்டு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 5432-ஐத் திறந்தால், பப்ளிக் ஐபி உள்ள சர்வரில் டேட்டாபேஸ் ஊருக்கே தெரிகிறது! டாக்கர் தானாகவே லினக்ஸின் பாக்கெட் விதிப் பட்டியலான ஐபிடேபிள்ஸில் நாட் (முகவரி மாற்றும்) விதிகளை எழுதிக்கொள்கிறது. பாக்கெட்டும் யூஎஃப்டபிள்யூ காவல் இருக்கும் பக்கம் வராமலே கன்டெய்னருக்குப் போய்விடுகிறது. ஸ்டேட்டஸ் கேட்டால் யூஎஃப்டபிள்யூ 'டினை' (அனுமதி இல்லை) என்று சத்தியம் செய்யும். வாட்ச்மேன் வாசலில், திருடன் கொல்லைப்புறத்தில். போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 (அந்த சர்வருக்குள் மட்டும் செல்லும் முகவரி) சேர்த்தால் வெளியே தெரியாது. இந்த ஒரு வரியை எழுத என்ன கை வலிக்கிறதா?

லாக் கதை தனி. எதுவும் சொல்லாமல் விட்டால் கன்டெய்னரின் லாக் சேரும் ஜேசன் கோப்பு வரம்பே இல்லாமல் வளரும். மேக்ஸ்-சைஸ் என்ற அளவு வரம்பை நாமாகத்தான் போட வேண்டும். டிஸ்க் நிறைந்தால் ராத்திரியில் எழுப்புவது டெவலப்பரை இல்லை, நம்மைத்தான்.