ஆறரை ரூபாய்க் கூலியும் ஒரு பிளேட் சில்லி சிக்கனும்

எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் மறுபடியும் அந்த வீடியோ வந்தது. கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள், நாற்பது நாளில் ஊதிவிடுகிறது, அதைத்தான் பாஸ்ட் புட் கடையில் பொரித்துத் தருகிறார்கள், பிள்ளைகளுக்கு வாங்கித் தராதீர்கள் என்று ஒரு குரல். கீழே வரிசையாகக் கைகூப்பி நன்றி சொல்லியிருந்தார்கள். இந்த வீடியோ எனக்குத் தெரிந்தே ஏழெட்டு வருடமாகச் சுற்றுகிறது. இதைப் பார்த்துச் சாப்பாட்டை மாற்றிக்கொண்ட ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஒரு வாரம் பயப்படுவார்கள், அடுத்த வாரம் வண்டி முன்னால் நிற்பார்கள்.

நாங்கள் பல்லடம் பக்கம் பதினாறு வருடமாக ஒப்பந்தத்துக்குக் கறிக்கோழி வளர்க்கிறோம். ஐயாயிரம் கோழி ஷெட். அதனால் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

முதலில் அந்த ஊசி. ஐயாயிரம் கோழியை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தினம் ஊசி போட யாருக்கும் ஆளும் கிடையாது, அதற்கு அவசியமும் இல்லை. நாங்கள் கொடுப்பது கண்ணில் விடும் சொட்டு மருந்தும், தண்ணீரில் கலக்கும் தடுப்பு மருந்தும். கோழி வேகமாக வளர்வதற்குக் காரணம் அதன் இனம். கனடாவில் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் கோழி இனங்களை ஒரே தீவனம் போட்டுச் சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள். 56 நாளில் 1957 இனம் 905 கிராம், 1978 இனம் 1,808 கிராம், 2005 இனம் 4,202 கிராம். ஐம்பது வருடமாக நன்றாக வளர்கிற கோழியையே பொறுக்கிப் பொறுக்கி இனம் சேர்த்ததில் வந்த வளர்ச்சி அது. கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாடிக்கைப் பற்றி. மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்க வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தையே தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில்தான் மத்திய அரசு அதைத் தடை செய்தது. இந்தச் செய்தியை எங்கள் குழுவில் ஒருவர்கூடப் பகிரவில்லை.

சரி, ஷெட்டுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

கம்பெனி ஒருநாள் குஞ்சைக் கொண்டுவந்து இறக்கும். தீவனமும் மருந்தும் அவர்களுடையது. ஷெட், கரண்ட், தண்ணீர், தரையில் விரிக்கிற தேங்காய் மஞ்சி, குஞ்சுக்குச் சூடு காட்டக் கரி, ராப்பகல் உழைப்பு எல்லாம் எங்களுடையது. முதல் வாரம் வீட்டில் யாரும் ஒழுங்காகத் தூங்க மாட்டோம். சூடு குறைந்தால் குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் செத்துவிடும். கோழி எங்களுடையது இல்லை. ஞாயிற்றுக்கிழமை கறி வேண்டுமென்றால் நாங்களும் கடையில்தான் வாங்குகிறோம்.

நாற்பது நாள் தாண்டியதும் ராத்திரியில் லாரி வரும். கோழி பிடிக்கிற பையன்கள் விளக்கை மங்கலாக வைத்துவிட்டு உள்ளே போவார்கள். ஒரு கைக்கு நான்கைந்து என்று கால்களைச் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி வருவார்கள். கடைசி வாரத்தில் உடம்பு கனத்து, சில கோழிகள் தீவனத் தட்டு வரைக்கும் நடந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடும். அவற்றைப் பிடிக்கத் துரத்தவே வேண்டாம், குனிந்து எடுத்தால் போதும். பெட்டியில் போட்டு, எடை போட்டு, நோட்டில் எழுதி, விடிவதற்குள் லாரி கிளம்பிவிடும். காலையில் ஷெட்டுக்குள் போனால் அந்த அமைதி எனக்கு இன்றைக்கும் பழகவில்லை.

இப்போது கணக்கு. எங்களுக்கு வளர்ப்புக் கூலி கிலோவுக்கு ஆறரை ரூபாய். போன பேட்சில் செத்தது போக 4,800 கோழி எடுத்தார்கள், சராசரி இரண்டு கிலோ. மொத்தம் 62,400 ரூபாய். இதில் கரி, மஞ்சி, கரண்ட், ஆள்கூலி எல்லாம் போக வேண்டும். அப்புறம் ஷெட்டைக் கழுவிச் சுண்ணாம்படித்து இரண்டு வாரம் சும்மா போட வேண்டும். கறிக்கோழிக்குக் கொள்முதல் விலை தினமும் எங்கள் பல்லடத்தில்தான் அறிவிக்கிறார்கள், முட்டைக்கு நாமக்கல் மாதிரி. அந்த விலை ஏறினாலும் இறங்கினாலும் எங்கள் கூலி பெரிதாக அசைவதில்லை. கூலியை ஏற்றித் தரச் சொல்லிப் பண்ணைக்காரர்கள் எத்தனையோ முறை போராடிவிட்டோம்.

ஒருநாள் என் மகன், கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான், இந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டான். ஒரு பிளேட் சில்லி சிக்கன் தொண்ணூறு ரூபாய். அதில் நூறு கிராம் கறி என்று வைத்துக்கொள்வோம். அதற்கு இருநூறு கிராம் உயிர் எடை. அப்படியானால் வளர்த்தவருக்கு அந்தப் பிளேட்டிலிருந்து வந்தது ஒரு ரூபாய் முப்பது பைசா. "அம்மா, நாம ராத்திரி முழிச்சது இவ்வளவுதானா?" என்று கேட்டான். ஊசி வீடியோவை எத்தனையோ முறை பார்த்துவிட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், அந்த வாரத்திலிருந்து குறைத்துக்கொண்டான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதற்கப்புறம்தான் பாஸ்ட் புட் எப்படி வேகமாகிறது என்று நாங்கள் இரண்டு பேரும் தேடித் தேடிப் படித்தோம். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ ஊரில் 1948-இல் மெக்டொனால்டு சகோதரர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையைச் சில மாதம் மூடிவிட்டார்கள். பட்டியலை ஒன்பது அயிட்டமாகக் குறைத்து, தட்டு, முள்கரண்டி எல்லாம் எடுத்துவிட்டு, சமையலறையைக் கம்பெனி லைன் மாதிரி ஆக்கித் திறந்தார்கள். ஆளுக்கு ஒரு வேலை, எல்லாம் முன்கூட்டியே தயார். ஹாம்பர்கர் 15 சென்ட். திருப்பூரில் பனியன் கம்பெனி பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒருவர் கை தைக்கிறார், ஒருவர் கழுத்து தைக்கிறார், யாரும் முழுச் சட்டையைத் தைப்பதில்லை.

என் சித்தி மகன் திருப்பூரில் தள்ளுவண்டி போட்டிருக்கிறான். ஒரு நாள் மத்தியானம் அவனோடு இருந்து பார்த்தேன். மூன்று மணிக்குச் சோற்றை அரைவேக்காட்டில் வடித்துப் பரப்பிவிட்டான். நான்கு மணிக்குக் கறித்துண்டை மைதா, சோளமாவு, சிவப்புப் பொடி போட்டுப் பிசைந்து முக்கால்வாசி பொரித்து எடுத்துக் கூடையில் குவித்தான். ராத்திரி யாராவது கேட்டால் அதையே திரும்ப எண்ணெயில் போட்டு இரண்டு நிமிடத்தில் கொடுக்க முடியும். நாட்டுக்கோழியில் இதைச் செய்யவே முடியாது. எங்கள் அத்தை வளர்க்கிற கோழி ஒன்றரைக் கிலோ வர அஞ்சாறு மாசம் ஆகும், வேகவும் நேரம் கேட்கும். பஞ்சு மாதிரிக் கறியோடு, ஒரே அளவில், நாற்பது நாளில் ஒரு கோழி கிடைத்ததால்தான் தெருவுக்கு நான்கு வண்டி நிற்கிறது.

எண்ணெயைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் எண்ணெய், மேலே புது எண்ணெய் ஊற்றியிருந்தான். டீ டிகாஷன் நிறம். கறியைப் போட்டதும் பொடிப்பொடியாக நுரை எழும்பி அடங்கவே இல்லை. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் உண்டாகும் போலார் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது என்று 2018 ஜூலை முதல் சட்டம் இருக்கிறது. ஆனால் நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கிற இடங்கள்தான் எண்ணெய்க்குக் கணக்கு எழுதி வைக்க வேண்டும். தம்பி வண்டிக்கு நான்கு லிட்டர்தான். அவனிடம் யாரும் எந்த நோட்டையும் கேட்பதில்லை. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் களம் களமாகத் தேங்காய்ப் பருப்பு காய்கிறது, ரேஷனில் தேங்காய் எண்ணெய் போடச் சொல்லி விவசாயிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வண்டியில் கொதிப்பதோ கடல் தாண்டி வந்த பாமாயில். விலை அப்படி.

அவனைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு ராத்திரி எட்டரைக்கு மேல் கம்பெனியிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு அறையில் அடுப்பு இல்லை, சமைக்கத் தெம்பும் இல்லை. எழுபது ரூபாயில் அவர்களுக்குச் சூடாக ஏதாவது கொடுப்பது அவன் வண்டிதான். அந்தப் பிள்ளைகளிடம் போய் "கம்மங்கூழ் குடிங்க" என்று சொல்ல எனக்கு மனசு வராது. எண்ணெயைச் சரிபார்க்கிற கருவி இருக்கிறது, பழைய எண்ணெயை வாங்கி பயோடீசல் ஆக்கும் ஏற்பாடும் 2018-லேயே அறிவித்தார்கள். அது தள்ளுவண்டி வரைக்கும் வந்து சேர வேண்டும். பச்சை முட்டை மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு ஒரு வருடத்துக்குத் தடை செய்ததே, அந்த வேகம் எண்ணெய்க்கும் வேண்டும்.

எங்கள் வீட்டில் எதையும் அடியோடு நிறுத்திவிடவில்லை. மகன் கோயம்புத்தூர் போனால் ரோட்டுக்கடை காளான் சாப்பிடுவான், அதில் காளானைவிட முட்டைக்கோஸும் மாவும்தான் அதிகம் என்று தெரிந்தே, எப்போதாவது. வீட்டில் கறி எடுத்தால் பள்ளிபாளையம் சிக்கன் பண்ணுகிறோம். சின்ன வெங்காயம், கிள்ளிய வரமிளகாய், தேங்காய்ப் பல், கலர்ப்பொடி கிடையாது. மற்ற நாளில் கொள்ளுப்பருப்பும் அரிசிம்பருப்பும் திரும்ப வந்திருக்கின்றன. யாரும் கட்டாயப்படுத்தி வரவில்லை.

போன மாதம் திருப்பூரில் ஒரு வேலை முடிய ராத்திரியாகிவிட்டது. நானும் மகனும் தம்பி வண்டியில் சாப்பிடப் போனோம். மகன் கூடையைக் காட்டிக் கேட்டான். "மாமா, இது எப்பப் பொரிச்சதுங்க?"

தம்பி ஒரு நிமிடம் கரண்டியை நிறுத்தினான். "நாலு மணிக்குச் சாமி. உனக்கு அது வேண்டாம், முட்டைச் சோறு போட்டுத் தர்றேன் இரு."

வேறு ஒரு வாணலியை எடுத்துத் துடைத்து அடுப்பில் வைத்தான். பெரிய சட்டி எண்ணெயைத் தொடவில்லை. வண்டிக்கு அடியில் துணி சுற்றி வைத்திருந்த சின்ன பாட்டிலை எடுத்து, அதிலிருந்து இரண்டு கரண்டி ஊற்றினான். கடலை எண்ணெய் வாசம் வந்தது.