முதல் பத்தியைத் தூக்கச் சொன்னது தப்பு

நேற்றைய சிறுகதைப் பயிலரங்கப் பஞ்சாயத்தைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தப் பெண்ணின் கதையில் முதல் பத்தியை எடுத்துக் கடைசியில் போடு, அப்போதுதான் சுவாரசியம் என்றார்களே, அது தப்பு. மறைப்பது வேறு, சுவாரசியம் வேறு.

கதை இதுதான்: வேலையை விட்டுவிட்ட மகள், ராஜினாமா கடிதத்தின் நகலோடு இரவு வீட்டுக்கு வருகிறாள். இதைச் சொல்வதுதான் அந்த முதல் பத்தி. அடுத்து அப்பாவும் அவளும் பேசுகிறார்கள்.

"ஏம்மா இவ்ளோ நேரம்?"
"ஆபீஸ்ல வேலை ஜாஸ்திப்பா."
"அடுத்த மாசத் தவணை கட்டிடலாம்ல?"
"கட்டிடலாம்பா."

கடிதம் இருப்பது நமக்கு முன்பே தெரிந்தால் இந்த நாலு வரியும் நெஞ்சை அடைக்கும். தெரியாவிட்டால் வெறும் வீட்டுப் பேச்சு. மேசைக்கடியில் இருக்கும் வெடிகுண்டைக் காட்டாமல் வெடித்தால் 15 வினாடி திகைப்பு, முன்பே காட்டிவிட்டால் 15 நிமிடம் பதைபதைப்பு என்று 1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்குக் கொடுத்த பேட்டியில், திகில் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஹிட்ச்காக் கணக்கே போட்டுக் காட்டினார். இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

"அப்போ துப்பறியும் கதை?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கே துப்பறிகிறவருக்கே கொலையாளி யாரென்று தெரியாது; அவர் பார்ப்பதை நாமும் பார்க்கிறோம். தடயத்தை ஒளிக்க வேண்டுமா? பத்தியின் நடுவில், நாலைந்து பொருளோடு பொருளாக வையுங்கள். பத்தியின் கடைசி வாக்கியத்தில் வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள், வாசகரின் கவனம் அங்கேதான் நிற்கும்.

இந்தக் கதையோ மகளின் மனசுக்குள்ளிருந்து சொல்லப்படுகிறது. அவள் நினைப்பு முழுக்க அந்தக் கடிதத்தில்தான் இருக்கும். அவள் செருப்பைக் கழற்றியதையும் முகம் கழுவியதையும் எழுதிவிட்டு அதை மட்டும் விட்டால் வாசகரை ஏமாற்றுகிறோம். மறுபடி படித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"வாசகர்களுக்குத் திருப்பம்தான் பிடிக்கிறது" என்பவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை. வாசகரை ஏன் இவ்வளவு மட்டமாக எடைபோடுகிறீர்கள்? முதல் கதையோடு வந்த பெண்ணை அத்தனை பேர் முன்னால் "உனக்குக் கதை சொல்லத் தெரியலை" என்று சொல்ல எப்படி மனசு வந்தது? அந்தக் கூடத்திலேயே கதை சொல்லத் தெரிந்தவள் அவள்தான்.

தங்கச்சி, அந்தப் பத்தியைப் பழைய இடத்திலேயே வை. நீளம் என்று தோன்றினால் மூன்று வரியாகக் குறை. தவணையைப் பற்றி அப்பா ஏன் இன்றைக்குப் பார்த்துக் கேட்டார், அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டதா என்பதை மட்டும் சொல்லாமல் விடு. அது அவளுக்கே தெரியாது.