பாலையா காது கொடுத்தால்...

'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி வாரத்துக்கு ஒருமுறையாவது யாராவது பகிர்ந்து என் கண்ணில் படுகிறது. மேலே தவறாமல் 'நாகேஷ் கலக்கல் காமெடி' என்றொரு வரி. நாகேஷ் கலக்கியிருக்கிறார், யார் இல்லையென்றது? ஆனால் ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டு அதே காட்சியைப் பாருங்கள். நேற்று ராத்திரி நான் அதைத்தான் செய்தேன், வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்களே என்று. நாகேஷ் வாயால் போடுகிற ஓசை எதுவுமே கேட்கவில்லை. இருந்தும் எந்த இடத்தில் திகில் கூடுகிறது, எந்த இடத்தில் சட்டென்று ஒரு சத்தம் வந்து விழுகிறது என்பதெல்லாம் பாலையா முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. சத்தமே இல்லாத காட்சிக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு எண்ணம் உண்டு. தமிழ் சினிமாவில் வசனம் பேசத் தெரிந்தவர்கள் ஏராளம். எதிராளி பேசும்போது அதை உண்மையிலேயே காதில் வாங்கி நடித்தவர்கள் குறைவு. அந்தக் குறைவான பேரில் முதல் ஆள் டி. எஸ். பாலையா.

ஆரம்பத்தில் அவருக்குக் கிடைத்தது வில்லன் வேஷம். 1936-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி'தான் முதல் படம். அந்தப் படத்தில் எம்.ஜி.ஆர். சின்னதாக ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர். அவருக்கும் அதுதான் முதல் படம். என்.எஸ். கிருஷ்ணனும் உண்டு. மறு வருஷம் 'அம்பிகாபதி', தியாகராஜ பாகவதர் கதாநாயகன், பாலையா மறுபடியும் வில்லன். இருபது வருஷம் கழித்து 1956-இல் 'மதுரை வீர'னில் எம்.ஜி.ஆர். உச்ச நட்சத்திரமாக நிற்கிறார். எதிரே நரசப்பனாக அதே பாலையா. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கதாநாயகர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், எதிரே நிற்க இவர் வேண்டியிருந்தது.

நடுவில் அண்ணாவின் 'வேலைக்காரி'யில் (1949) கதாநாயகனுக்குப் புத்தி சொல்லும் நண்பன் மணி. 'தூக்குத் தூக்கி'யில் (1954) நம்பள், நிம்பள் என்று தமிழைக் கடித்துத் துப்பும் சேட்ஜி. 'பாகப்பிரிவினை'யில் (1959) மனைவி பேச்சுக்கும் தம்பி பாசத்துக்கும் நடுவே திண்டாடும் அண்ணன். சேட்ஜியையும் அந்த அண்ணனையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே ஆள் என்று நம்புவது கஷ்டம். குரல்கூட வேறு.

1964-க்கு வருவோம். 'காதலிக்க நேரமில்லை' வந்தபோது அவருக்கு வயது கிட்டத்தட்ட ஐம்பது. (ஐம்பது வயதில் கல்லூரி வாசலில் கதாநாயகியைத் துரத்தும் நம் ஆட்களைப் பற்றி இந்தப் பதிவில் எழுதப்போவதில்லை.) பேய்க்கதையைவிட நான் அதிகம் ரசிப்பது வேறு ஒரு இடம். வந்திருப்பவர் பெரிய பணக்காரர் என்று தெரிந்ததும் 'அசோகர் உங்க மகருங்களா' என்று கேட்பாரே, அது. மகன் 'மகர்' ஆகிவிடுகிறான்! பணம் என்ற சொல் காதில் விழுந்த அடுத்த நொடியே நாக்கு 'ன்'னை விழுங்கி 'ர்'ரைத் துப்புகிறது. கூடவே முதுகும் கொஞ்சம் வளைகிறது. மரியாதை விகுதி பற்றி எந்த இலக்கண வகுப்பும் எனக்கு இவ்வளவு சொல்லித் தந்ததில்லை. இதே படத்தை 1966-இல் இந்தியில் எடுத்தார்கள். பாலையா வேஷத்தில் ஓம் பிரகாஷ், நாகேஷ் வேஷத்தில் மெஹ்மூத். இருவருமே பெரிய கைகள்தான். ஆனால் அந்த 'மகருங்களா'வை எந்த மொழிக்குக் கொண்டுபோக முடியும்?

அடுத்த வருஷம் 'திருவிளையாடல்', அதில் மதுரைக்குப் பாட்டுப் போட்டிக்கு வரும் வித்வான் ஹேமநாத பாகவதர். 'ஒரு நாள் போதுமா' பாலமுரளிகிருஷ்ணாவின் குரல். ஆனால் அந்தத் திமிர் முழுக்க பாலையாவுடையது. சபையையே விலைக்கு வாங்க வந்தவர் மாதிரி கையை விரித்து, கண்ணைச் செருகி, தன் பாட்டைத் தானே மெச்சிக்கொண்டு பாடுவார். எல்லோரும் அந்தப் பாட்டைத்தான் பேசுவார்கள். நான் பேச விரும்புவது அதற்குப் பிறகு, இவருக்குப் பாட்டே இல்லாத இடத்தை. ராத்திரியில் விறகு விற்பவனாக வந்த சிவாஜி பாடுகிறார், இவர் கேட்கிறார். முதலில் அலட்சியம். பிறகு, 'யார்டா இது?' அப்புறம் மெதுவாகப் பயம். போட்டியில் எதிரே பாடவேண்டிய பாணபத்திரர் வேண்டாமென்று தள்ளிய ஆளே இப்படிப் பாடினால் பாணபத்திரர் எப்படிப் பாடுவார் என்ற கணக்கு மனசுக்குள் ஓடுவது முகத்தில் தெரியும். ராவோடு ராவாக மதுரையை விட்டுக் கிளம்பிவிடுகிறார். தோல்வியை வாயால் சொல்வதற்கு முன்பே கேட்ட காதே ஒப்புக்கொண்டுவிட்டது.

1967-இல் 'பாமா விஜயம்'. 'வரவு எட்டணா செலவு பத்தணா' பாடும் அப்பா. இன்றைக்கும் மாசக் கடைசியில் யாராவது முணுமுணுக்காத வீடு உண்டா? அதோடு விட்டுவிடுகிறேன், ஏனென்றால் 'தில்லானா மோகனாம்பாள்' (1968) காத்திருக்கிறது.

அதில் தவில் வித்வான் முத்துராக்கு. ஒரு கையில் கழி, இன்னொரு கை விரல்களில் கூடு. நாதஸ்வரம் உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் வாசிப்பது சிக்கல் சண்முகசுந்தரமாக வரும் சிவாஜி. அவருடைய கன்னமும் கழுத்து நரம்பும் பற்றி ஐம்பது வருஷமாக எழுதிவிட்டார்கள். சரிதான். ஆனால் தவில்காரருக்கு வேலை வேறு. நாதஸ்வரக்காரர் அடுத்து எங்கே போகப்போகிறார் என்று காதை அவரிடமே வைத்திருக்க வேண்டும். பாலையா படம் முழுக்க அதைத்தான் செய்கிறார், வாசிக்கும்போது மட்டுமல்ல. சிக்கலாரின் கோபம் எப்போது கிளம்பும், எப்போது அடங்கும், நாட்டியக்காரி மோகனா (பத்மினி) என்ன நினைக்கிறாள் என்று இரண்டு பக்கமும் கண் போய்வந்துகொண்டே இருக்கும். சண்முகசுந்தரத்துக்கே தெரியாததெல்லாம் முத்துராக்குவுக்குத் தெரிந்திருக்கும்.

1972-இல் போய்விட்டார், அறுபதுகூட ஆகவில்லை. 36 வருஷ சினிமா. மகன் ஜூனியர் பாலையாவைக் 'கரகாட்டக்கார'னில் பார்த்திருப்பீர்கள்; 2023-இல் அவரும் போனார். அன்றைக்கு வந்த அஞ்சலிப் பதிவுகளோடும் பலர் அதே பேய்க்கதைக் காட்சியைத்தான் பகிர்ந்திருந்தார்கள்.

நேற்று அந்தப் பேய்க்கதையை முடித்துவிட்டு 'தில்லானா'வின் 'நலந்தானா' பாட்டைப் போட்டேன், இந்தமுறை சத்தத்தோடு. அம்மா எழுந்து வந்துவிட்டாள். "பத்மினி கண்ணைப் பாருடா" என்றாள். "இரும்மா, தவில்காரரைப் பார்த்துட்டு வரேன்" என்றேன்.