டாடா நானோ விற்பனையில் ஓடாத கார்தான், ஆனாலும் பழசாக வாங்கலாமா?

கடலூர், புதுச்சேரி பக்கம் பழைய நானோ விலைக்கு வந்தால், "ஃப்ளாப் ஆன வண்டியாச்சே" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். விற்பனையில் ஃப்ளாப்தான். ஆனால் அது ஏன் விற்கவில்லை என்பது வேறு, வண்டி உருப்படியா என்பது வேறு.

2008-ல் ஒரு லட்ச ரூபாய் கார் என்று காட்டினார்கள். மேற்கு வங்கத்தின் சிங்கூரில் நிலப் போராட்டம் வெடிக்க, ஆலையை குஜராத்தின் சானந்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. 2009-ல் இரண்டு லட்சம் பேருக்கு மேல் புக் செய்தார்கள். முதல் ஒரு லட்சம் வண்டிக்குக் குலுக்கல்! கைக்கு வருவதற்குள் பாதிப் பேருக்கு ஆசை ஆறிப்போனது. நடுவில் சில வண்டிகள் தீப்பிடித்த செய்தி வேறு. எல்லாவற்றையும் விடப் பெரிய வினை 'மலிவான கார்' என்ற பட்டம். பைக்கிலிருந்து காருக்கு மாறுகிறவர் கௌரவத்துக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார். எதிர்வீட்டுக்காரருக்கு விலை தெரிந்த வண்டியை எப்படி வாசலில் நிறுத்துவார்? இதை ரத்தன் டாடாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார். 2018-ல் உற்பத்தி நின்றது.

624 சிசி, இரண்டு சிலிண்டர், எஞ்சின் பின்னால். டர்னிங் ரேடியஸ் 4 மீட்டர்தான், புதுச்சேரி நேரு வீதி நெரிசலுக்கென்றே செய்த மாதிரி. ஆனால் ஈசிஆரில் சென்னைக்கு ஓட்டத்தான் என்றால் வேண்டவே வேண்டாம். கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைப் பார்க்கும் குளோபல் என்கேப்பின் 2014 சோதனையில் ஒரு ஸ்டார்கூட வாங்காத வண்டி.

நம்ம ஊரில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். 2015 வெள்ளத்திலும் 2024 ஃபெஞ்சல் புயலிலும் மூழ்கிய வண்டிகள் வாட்டர் வாஷ் செய்து பளபளவென்று வரும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், நுனிப் பக்கம் சேற்றுக் கறை இருந்தால் விலையே பேசாதீர்கள். ஓட்டுநர் சீட்டுக்கு அடியில்தான் பேட்டரி, அதைச் சுற்றியுள்ள தகட்டில் துரு இருக்கிறதா பாருங்கள். முன் பானெட்டைத் திறந்து ஸ்டெப்னியை வெளியே எடுத்துவிட்டு, அது கிடந்த குழியை டார்ச் அடித்துப் பாருங்கள். தேவனாம்பட்டினம் மாதிரி கடலோரத்தில் நின்ற வண்டி என்றால் கதவின் கீழ் விளிம்பையும் விரலால் தடவ வேண்டும். பெயின்ட் கொப்பளித்திருந்தால் உள்ளே தகடு போய்விட்டது என்று அர்த்தம்.

எஞ்சினைக் காலையில், ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். போகும்போதே சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். பழைய மாடலில் பின் கதவு திறக்காது. பின் சீட்டை மடக்கி, உள்ளே இருக்கும் மூடியைக் கழற்றித்தான் எஞ்சினைப் பார்க்க முடியும். அந்தச் சள்ளைக்குப் பயந்தே பலர் ஆயிலும் கூலன்ட்டும் பார்ப்பதில்லை. ஆயில் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் நுரை ஒட்டியிருந்தால் ஆயிலும் கூலன்ட்டும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். கிளம்பி வந்துவிடுங்கள்.

டயர் முன்னால் 135/70 R12, பின்னால் 155/65 R12. முன்னுக்குப் பின் மாற்றிப் போட முடியாது. நான்கும் ஒரே அளவில் இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

பிஒய் நம்பர், அதாவது புதுச்சேரிப் பதிவு வண்டியைக் கடலூர் முகவரிக்கு மாற்றுவதென்றால் புதுச்சேரியில் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, தமிழ்நாட்டு வரி கட்டி, கடலூரின் டிஎன் 31 நம்பர் எடுக்க வேண்டும். 15 வருடம் தாண்டியிருந்தால் அதற்கு முன் எஃப்சி (தகுதிச் சான்று) காட்டி ஆர்சி (பதிவுச் சான்று) புதுப்பித்தாகிவிட்டதா என்று கேளுங்கள். நம்பர் மாற்றுவது, ஆர்சி புதுப்பிப்பது இரண்டையும் உங்கள் தலையில் கட்டுவதாக இருந்தால், அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.