அமூர் வல்லூறு: அது 2012-ன் கதை

சின்னத் திருத்தம். 'நாகாலாந்தில் இன்றும் வருடாவருடம் லட்சக்கணக்கில் அமூர் வல்லூறுகளைக் கொல்கிறார்கள்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வலசை வழியில் அங்கே தங்கும் இந்தச் சிறு வேட்டைப் பறவைகளை, நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கத்தையொட்டி வலை கட்டி அப்படிப் பிடித்தது உண்மைதான், ஆனால் அது 2012-ல். அந்த ஒரே பருவத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் செத்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். செய்தி வெளியே வந்ததும் பாங்தி முதலான ஊர்ச் சபைகளே தடை போட்டன. அடுத்த ஆண்டே அங்கே வலை விரிப்பது நின்றது. வலை கட்டிய ஊர்க்காரர்களே காவலும் காத்தார்கள், இதைத்தான் யாரும் பகிர்வதில்லை. 2013-ல் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பறக்கவிட்ட ஒரு வல்லூறுக்கு 'பாங்தி' என்றே பெயர் வைத்தார்கள். அதற்காக வடகிழக்கில் வேட்டையே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2018-ல் மணிப்பூரின் தாமெங்லாங்கில் கருவி பொருத்திய பறவையொன்று சில நாளிலேயே கொல்லப்பட்டது.