கரும்புகை பலம் கிடையாது

அந்த வீடியோவை இன்றைக்கும் நாலு பேர் எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். எது என்று உங்களுக்கே தெரியும். ஒருவர் பழைய டிராக்டரின் டீசல் பம்பின் சீலை உடைத்து, டீசல் அளவைக் கூட்டும் ஸ்க்ரூவைத் திருகி, சைலன்சரில் கரும்புகை பீறிட்டதும் "35 ஹெச்பி வண்டி 50 ஆயிடுச்சு" என்று கத்துகிறாரே, அதுதான். "இன்ஜின் தாங்காது தம்பி" என்று அதன் கீழே எழுதினேன். "பெருசு, ஓரமா போங்க" என்று பதில் வந்தது. வலித்தது. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கரும்புகை பலம் கிடையாது. அது முழுதாக எரியாத டீசல். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத பழைய இன்ஜின் தன் சிலிண்டர் கொள்ளும் காற்றைத்தான் இழுக்கும். அதற்கு மேல் டீசலைக் கொட்டினால் கொஞ்சம் இழுவை கூடும், மறுக்கவில்லை. மிச்சமெல்லாம் கரியும் சூடும்தான். எரியாத டீசல், சிலிண்டரின் உள்சுவரான லைனரில் படிந்திருக்கும் ஆயிலைக் கழுவிவிடும், பிஸ்டன் ரிங் தேயும். டீசலில் இருக்கும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மற்றதெல்லாம் சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் சூடாக வெளியே போகவேண்டும். டீசலைக் கூட்டியவர் ரேடியேட்டரைப் பெரிதாக்கினாரா?

எனக்கு வேண்டிய ஒருவர் இப்படித்தான் பம்பைத் திருகிக்கொண்டார். முதலில் போன் போட்டு அவ்வளவு சந்தோஷமாகப் பேசினார். அப்புறம் ஒருநாள் உச்சி வெயிலில் ரொட்டவேட்டர் ஓட்டும்போது வண்டி கொதித்துவிட்டது. பதற்றத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றிவிட்டார். சிலிண்டரை மேலே மூடியிருக்கும் ஹெட்டில் விரிசல். கழற்றும்போது நானும் பக்கத்தில் நின்றேன். ஒரு பிஸ்டனின் தலை ஓரத்தில் உருகியிருந்தது, லைனரில் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பிஸ்டனைக் கையில் வைத்துத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். திருகிவிட்ட மெக்கானிக் "வண்டி பழசுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதைப் பார்த்தவன் எப்படி ஓரமாகப் போவான்?

"புது வண்டி வாங்க நீங்க காசு தருவீங்களா?" என்று கேட்பீர்கள். என்னால் முடியாது. அதனால்தான் இருக்கிற வண்டியைக் காப்பாற்றுங்கள் என்கிறேன். கூடுதல் ஹெச்பி தேடுவதற்கு முன்னால், வண்டி தொலைத்த ஹெச்பியை மீட்டெடுங்கள். ஏர் கிளீனர் கிண்ணத்தில் ஆயில் சேறாகக் கிடந்தால் இன்ஜின் எதைச் சுவாசிக்கும்? சிலிண்டரின் கம்ப்ரஷன் பாருங்கள், டீசல் தெளிக்கும் நாசிலைச் சோதியுங்கள், வால்வுக்கு டேப்பட் இடைவெளி சரியாக வையுங்கள், பம்ப் டீசல் விடும் நேரத்தை, அதாவது டைமிங்கைச் சரிபாருங்கள். வண்டி இழுக்கும்.

சூட்டுக்கும் அப்படித்தான். ரேடியேட்டர் இடுக்கில் வைக்கோல் தூசி அடைத்திருந்தால் ஃபேன் பக்கமிருந்து வெளிப்பக்கமாகக் காற்றடியுங்கள். முன்னாலிருந்து அடித்தால் தூசி இன்னும் உள்ளேதான் போகும். உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி உள்ளே படிந்த காரை சூட்டை வெளியே விடாது. கூலண்ட் கலந்து ஊற்றுங்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் போயிருந்தால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரமே கொதிக்கும். ஃபேன் பெல்ட்டை அழுத்திப் பாருங்கள்.

இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியச் சொல்லும் அறிவாளிகளிடம் ஒன்று கேட்கிறேன். தண்ணீர் ரேடியேட்டரைத் தொடாமல் இன்ஜினுக்குள்ளேயே திரும்பும் பைபாஸ் வழியை மூடுவதும் அதே தெர்மோஸ்டாட்தான் என்றிருக்கும் இன்ஜின்களில், அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் உள்ளேயே சுற்றும் என்று தெரியுமா? மற்றவற்றில் இன்ஜின் சூடேறாமலே ஓடி லைனர் தேயும்.

டர்போ போடலாமே என்பார்கள். காற்றைக் கூட்டுவதால் அது நியாயமான வழிதான். ஆனால் பழைய பிஸ்டனும் ஹெட் கேஸ்கெட்டும் அந்த அழுத்தத்துக்குச் செய்தவை இல்லை. கிளட்ச், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் எல்லாம் பழைய ஹெச்பிக்குக் கணக்குப் போட்டவை. டிராக்டர் பந்தயத்தைக் காட்டாதீர்கள். அந்த வண்டி சில நொடிகள் இழுத்துவிட்டு நிற்கும். உழவு வண்டி மணிக்கணக்கில் இழுக்கவேண்டும்.

வீடியோ போட்டவருக்குப் பார்வைகள் கிடைத்துவிட்டன. வண்டி நின்றால் அவர் வந்து உழுது தரப்போவதில்லை. கடன் வாங்கிய வண்டியை நம்பி விதைப்புக்குக் காத்திருப்பவனைப் பற்றி ஒரு நொடியாவது நினைத்தாரா? என்னைப் பெருசு என்று சொல்லிக்கொள்ளட்டும். டெம்பரேச்சர் மீட்டரின் முள் செத்துக்கிடக்கும் வண்டியில் பம்பைத் திருகச் சொல்லி யாராவது என்னிடம் வந்தால், முதலில் அந்த மீட்டரை மாற்றிவிட்டு வரச் சொல்வேன்.